பல வருஷம் கழித்து மீண்டும் பால்சா: 1/4 அளவு பைப்பர் கப் கட்டுவோருக்கு

கல்லூரி நாட்களில் ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் ஒன்றை, பழகுவோருக்கான ட்ரெயினரை, லேசான பால்சா மரத்தில் கட்டிப் பறக்கவிட்டு, பிறகு வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று இருபது வருஷம் பெட்டியையே திறக்காதவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது பெரும்பாலும் பெரிய விமானத்தின் மேல்தான் கண் போகிறது. அதில் தப்பில்லை. வயதான கண்ணுக்குப் பெரிய விமானம் தூரத்திலும் தெரியும். காற்றில் தூக்கிப் போடாது. கட்டும்போது விரல்களுக்கும் இடம் இருக்கும். ஆனால் கை இன்னும் பழைய அளவுக்கே பழகியிருக்கிறது, பெட்டியில் இருப்பதும் பழைய சாமான். முதல் விமானம் மண்ணில் குத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது பைப்பர் ஜே-3 கப். அமெரிக்காவில் 1938 முதல் 1947 வரை தயாரான மஞ்சள் விமானம். அசலின் இறக்கை நீளம் 35 அடி 3 அங்குலம். நாலில் ஒரு பங்கு என்றால் 2.69 மீட்டர். ஒற்றை இறக்கைக்கு 80 அங்குலம், இரட்டை இறக்கைக்கு 60 அங்குலம் இருந்தாலே 'ஜெயன்ட் ஸ்கேல்' என்பது இந்தப் பொழுதுபோக்கில் உள்ள கணக்கு. கப் அதைத் தாராளமாகத் தாண்டும். எளிய கட்டுமானம், நேர்கோட்டு இறக்கை, மெதுவான பறப்பு. இறக்கை இரண்டாகக் கழலும், உடல் ஒரே துண்டாக 1.7 மீட்டர். கிட் வாங்கும் முன் காரின் பின் இருக்கையை மடக்கி டேப்பால் அளந்துவிடுங்கள். விமானம் முடிந்த பிறகு கார் போதவில்லை என்று தெரிந்துகொள்பவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அளவு இரண்டு மடங்கானால்

பழைய 1.4 மீட்டர் ட்ரெயினரோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட இரு மடங்கு. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு, எடை எட்டு மடங்கு. இது பலருக்கும் தெரியும். பலர் மறப்பது அடுத்தது: அதே வேகத்தில், அதே கோணத்தில் எலிவேட்டரை (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் மடிப்பு) அசைக்க, சர்வோ (அதை இயக்கும் சின்ன மோட்டார் பெட்டி) கொடுக்க வேண்டிய முறுக்குவிசையும் எட்டு மடங்கு. பரப்பு நாலு மடங்கு கூடுகிறது, கீலிலிருந்து காற்று தள்ளும் இடத்தின் தூரம் இரண்டு மடங்கு கூடுகிறது, பெருக்கினால் எட்டு. பழைய ட்ரெயினரில் இருந்த 3 கிலோ-செ.மீ. சர்வோ அங்கே தேவைக்கு அதிகமாகவே இருந்தது. இங்கே அது டைவிலிருந்து மூக்கைத் தூக்கும் நேரத்தில் நின்றுவிடும். கப் போன்ற மெதுவான விமானத்துக்கே ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பரப்புக்கும் 8 முதல் 10 கிலோ-செ.மீ., மெட்டல் கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். த்ராட்டிலுக்கு (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) மட்டும் பழைய வகை போதும்.

பரணில் இருந்து இறக்கிய பெட்டி

முதல் வேலை தரம் பிரிப்பது. பால்சா பலகை கரையான், ஈரம் படாமல் இருந்தால் அப்படியே பயன்படும், மரம் கெடுவதில்லை. எல்லாப் பலகையையும் எடை போட்டு, பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள். 3 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளமுள்ள பலகை 25 முதல் 35 கிராம் இருந்தால் நல்ல நடுத்தர மரம். 45 கிராமைத் தாண்டியதை வால் பகுதிக்குத் தொடாதீர்கள். மூக்குப் பக்கம் போடுங்கள்.

தூக்கிப் போட வேண்டியவை: நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் எல்லாம், அவற்றோடு வந்த சுவிட்ச், வயர் உட்பட. அந்த பேட்டரியின் எதிர்முனை வயருக்குள் அரிப்பு ஊர்ந்து போகும். தோலைச் சீவிப் பார்த்தால் தாமிரம் கறுத்திருக்கும், சால்டர் ஒட்டாது. மீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டும், நாலு சர்வோ ஒன்றாக இழுத்தால் விழுந்துவிடும். நைலான் க்ளெவிஸ் (இணைப்புக் கம்பியின் முனைக் கொக்கி), ஹார்ன் (அந்தக் கொக்கி மாட்டும் கை) எல்லாம் காய்ந்து உடையக்கூடியவை. பிளாஸ்டிக் டேங்க், ரப்பர் கார்க்கும் அப்படியே. திறந்த சூப்பர் க்ளூ பாட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய க்ளோ என்ஜின் (மெதனால் எரிபொருளில் ஓடும் சிறிய என்ஜின்) இறுகிப்போயிருந்தால் பலாத்காரமாகத் திருப்பாதீர்கள். உள்ளே இறுகியிருப்பது ஆமணக்கு எண்ணெய். ஹீட் கன்னால் சூடாக்கினால் இளகித் தானே சுற்றும். ஆனால் அந்த 10 சி.சி. என்ஜின் இந்த விமானத்துக்குப் பத்தாது. அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

72 மெகாஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்மிட்டரையும் அதன் பக்கத்தில் வையுங்கள். இன்று எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். சேனலைத் தீர்மானிக்கும் க்ரிஸ்டல் இல்லை, 'யார் எந்தச் சேனலில்' என்று மைதானத்தில் கிளிப் மாட்டும் வேலையும் இல்லை. புதிது வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்கள் விரல் பழகியது மோட் 1-ஆ (த்ராட்டில் வலது ஸ்டிக்கில்), மோட் 2-ஆ (இடது ஸ்டிக்கில்)? அதையே வாங்குங்கள், கடைக்காரர் கையில் இருப்பதை அல்ல. இரண்டு, சேனல் வரிசை, அதாவது ரிசீவரின் எந்தத் துளையில் எந்தச் சர்வோ என்பது. ஃபுடாபா பிராண்டில் முதல் சேனல் ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு), மூன்றாவது த்ராட்டில். ஸ்பெக்ட்ரம் பிராண்டில் முதல் சேனலே த்ராட்டில். பழைய பழக்கத்தில் செருகினால் ஸ்டிக்கைத் தள்ளும்போது ஐலரான் ஆடும், அல்லது என்ஜின் முழு வேகத்தில் கிளம்பும்.

வாங்க வேண்டியவை

- 20 முதல் 30 சி.சி. பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக் என்ஜின், எலெக்ட்ரானிக் இக்னிஷனோடு. 30 சி.சி.க்கு 18×8 ப்ரொப்பெல்லர், இரண்டு உபரி.
- சர்வோ 6: ஐலரானுக்கு 2, எலிவேட்டருக்கு 2 (பாதிக்கு ஒன்று), ரடருக்கு (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடிப்பு) 1, த்ராட்டிலுக்கு 1.
- ரிசீவருக்கு 2 செல் லித்தியம்-இரும்பு பேட்டரி, 2000 எம்.ஏ.எச்., தனித்தனி சுவிட்சோடு இரண்டு. இக்னிஷனுக்குத் தனியாக ஒன்று. இது 6.6 வோல்ட், சார்ஜ் போட்டவுடன் இன்னும் அதிகம். 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பழைய சர்வோவை இதில் செருகினால் நடுங்கிப் புகைந்துவிடும்.
- பெட்ரோலுக்கு உரிய டேங்க் கார்க், டைகான் ட்யூப். க்ளோ என்ஜினுக்குப் போட்ட சிலிக்கான் ட்யூப் பெட்ரோலில் ஊறி வீங்கிக் கழன்றுவிடும்.
- M3 புஷ்ராடு (சர்வோவையும் மடிப்பையும் இணைக்கும் கம்பி), பால் லிங்க் (உருண்டை மூட்டு), மெட்டல் க்ளெவிஸ்.
- இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி ஒட்டும் மேலுறை ஃபிலிம், 10 மீட்டர் சுருள் ஒன்று, கூடவே ஒரு சின்னது.

எலெக்ட்ரிக் வேண்டுமென்றால் கணக்கு இப்படி: முடிந்த விமானம் 7 கிலோ, கிலோவுக்கு 180 வாட், ஆக ஏறக்குறைய 1260 வாட். 6 செல் லித்தியம்-பாலிமரில் 22 வோல்ட் என்றால் 57 ஆம்பியர். 80 ஆம்பியர் கன்ட்ரோலர் போடுங்கள். 5000 எம்.ஏ.எச். பேட்டரியில், பாதி த்ராட்டிலில் 9 நிமிஷம் பறக்கலாம். வீட்டுக்குள் விமானத்தைக் கொண்டுவந்தால் பெட்ரோல் வாடை வராது என்பதே பலருக்குப் போதுமான காரணம்.

கட்டி முடித்தே வரும் ஏ.ஆர்.எஃப். வாங்கலாமா? பறக்க மட்டும் ஆசை என்றால் வாங்குங்கள், ஆனால் ஃபயர்வாலின் (மூக்கில் என்ஜின் மாட்டும் பலகை) ஒட்டுகளை நீங்களே ஒரு முறை எப்பாக்ஸிப் பசை வைத்து உறுதிப்படுத்துங்கள். கட்டுவதில்தான் ஆசை என்றால் லேசர் வெட்டு கிட் அல்லது பிளான். பால்சா யு.எஸ்.ஏ., சிக் இரண்டும் 1/4 கப் கிட் போட்டவர்கள். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டிலிருந்து பத்து மாதம் ஆகும்.

கட்டும் மேசை, கட்டும் வரிசை

மேசை கோணலாக இருந்தால் இறக்கையும் கோணல். கதவுக் கடையில் 7 அடி ஃப்ளஷ் டோர் ஒன்று வாங்கி, இரண்டு ஸ்டூல் மேல் போடுங்கள். சமமான மேசைக்கு இதைவிட மலிவான வழி இல்லை. அதன் மேல் சாஃப்ட்போர்டு, அதன் மேல் பிளான், அதன் மேல் பாலித்தீன். கதவின் நாலு மூலைக்கும் குறுக்காக நூல் கட்டி, நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். விலகி நின்றாலோ ஒன்றையொன்று அழுத்தினாலோ கதவு முறுக்கியிருக்கிறது. ஸ்டூல் காலுக்கு அட்டை வைத்துச் சரிசெய்யுங்கள்.

வாலில் ஆரம்பியுங்கள். சின்னது, தவறினால் மறுபடி வெட்டலாம், கைக்கும் பழக்கம் திரும்பும். ஆனால் இங்கேதான் எடைக்குக் கஞ்சத்தனம் வேண்டும். கப்புக்கு மூக்கு குட்டை, வால் நீளம்; வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் ஏறத்தாழ 30 கிராம் ஈயம் வைக்க வேண்டி வரும்.

இறக்கையில் கவனிக்க வேண்டியது ஸ்பார்களுக்கு (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் குச்சிகள்) நடுவே வரும் ஷியர் வெப். மேல் ஸ்பார், கீழ் ஸ்பார் இரண்டையும் இணைக்கும் 3 மி.மீ. பால்சாத் துண்டு. இதன் மர ரேகை நின்றவாக்கில், மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். அவசரத்தில் பலகையை நீளவாக்கில் நறுக்கி ஒட்டினால் ரேகை படுத்துவிடும்; பார்க்க ஒன்றும் தெரியாது. இறக்கை வளையும்போது இரண்டு ஸ்பாரும் ஒன்றை நோக்கி ஒன்று நசுங்கப் பார்க்கும், படுத்த ரேகை அந்த அழுத்தத்தில் பிளந்துவிடும். நின்ற ரேகை தூண் மாதிரி தாங்கும். ஒவ்வொரு துண்டும் ரிப்புக்கு ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். கிட்டில் ஸ்ப்ரூஸ் ஸ்பார் இல்லாமல் பிளானிலிருந்து கட்டுபவர்கள் முடிச்சு இல்லாத, ரேகை நேராக ஓடும் பைன் எடுத்துக்கொள்ளலாம்.

முனை ரிப்பின் பின்விளிம்பைச் சற்று உயர்த்தி, இறக்கை நுனிக்கு சுமார் 2 டிகிரி வாஷ்அவுட் (முறுக்கு) கொடுக்கவும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. வேகம் குறையும்போது இறக்கையின் வேர்ப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும், நுனி பிடித்துக்கொள்ளும். விமானம் ஒரு பக்கமாகக் குடை சாயாது. இறக்கைத் தாங்கிகளை அலங்காரம் என்று நினைத்து மெல்லிய குச்சியில் செய்துவிடாதீர்கள். பெரும்பாலான 1/4 கப் வடிவமைப்புகளில் பாரம் அதன் வழியாகத்தான் போகிறது.

ஃபயர்வால்

ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் அடிக்கும் அடி க்ளோ என்ஜினைப் போல அல்ல. ஒட்டு பலவீனமாக இருந்தால் மூக்கே கழன்று போகும். ஆகவே இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

3 மி.மீ. பர்ச் ப்ளைவுட் இரண்டை எப்பாக்ஸியில் ஒட்டி, கனமான எதையாவது ஏற்றி 6 மி.மீ. ஆக்குங்கள். என்ஜின் போல்ட் துளைகளைப் போட்டு, பின்பக்கத்தில் டி-நட் (மரத்தில் பதியும் முள் வைத்த நட்) அடித்துவிட்டுத்தான் உடலில் ஒட்ட வேண்டும். பிறகு கை நுழையாது. என்ஜினுக்கு 2 டிகிரி வலம், 2 முதல் 3 டிகிரி கீழ்நோக்கிய சாய்வு பிளானில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பரப்பை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கவும். மெதுவாக இறுகும் எப்பாக்ஸி மட்டும். 5 நிமிஷ எப்பாக்ஸி இங்கே வேண்டாம். சூட்டில் இளகும், அதிர்வில் பிளக்கும்.

காய்ந்த மறுநாள், உடலின் பக்கவாட்டிலிருந்து ஃபயர்வாலின் விளிம்புக்குள் 3 மி.மீ. துளைகள், பக்கத்துக்கு மூன்று. அதில் கடையில் விற்கும் மூங்கில் சூலக்குச்சியை எப்பாக்ஸி தடவி அடித்து, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகள். கடைசியாக முழுப் பகுதிக்கும் மெல்லிய எப்பாக்ஸிப் பூச்சு. பெட்ரோலும் எண்ணெயும் மரத்துக்குள் ஊறினால் ஒட்டு விட்டுப்போகும்.

நம் ஊர் வெயிலில் எப்பாக்ஸி டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. 30 நிமிஷ எப்பாக்ஸி மே மாதத்தில் 15 நிமிஷத்தில் கட்டிவிடும். குவளையில் குவித்துக் கலக்காமல் தட்டையான மூடியில் பரப்பிக் கலந்தால் சூடு தங்காது, நேரம் கிடைக்கும். சூப்பர் க்ளூவுக்கு ஈரப்பதம் எதிரி: காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெள்ளை ஃபெவிகால் ரிப்களுக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் மூடிய காருக்குள் வெயிலில் சூடேறினால் இளகி நழுவும். பாரம் தாங்கும் இடங்களுக்கு அது வேண்டாம்.

இணைப்புகள்

பழைய பழக்கம்: சர்வோ கையின் கடைசித் துளையில் புஷ்ராடைப் போட்டு, பரப்பு அதிகமாகத் திரும்பினால் ட்ரான்ஸ்மிட்டரில் 50 சதவீதத்துக்குக் குறைப்பது. பெரிய விமானத்தில் இது நேர் எதிரான வேலை. சர்வோவின் விசையில் பாதி வீணாகிறது, கியரில் இருக்கும் சின்னத் தளர்வு பரப்பில் பெரிதாகத் தெரிகிறது. சர்வோ பக்கம் குட்டைக் கை, பரப்புப் பக்கம் நீண்ட ஹார்ன், ட்ரான்ஸ்மிட்டரில் 100 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல். எலிவேட்டர் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள், 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் எங்கே தளர்வு என்று கண்டுபிடிக்காமல் பறக்கக் கூடாது. தளர்வுதான் ஃபிளட்டருக்கு (பரப்பு காற்றில் படபடவென்று அதிர்வது) கதவு திறந்துவிடும். கீல் இடைவெளியை ஒளிபுகும் டேப்பால் அடிப்பக்கம் மூடுங்கள்.

ஆரம்பத்தில் பரப்புகள் திரும்ப வேண்டிய அளவு: ஐலரான் மேலே 20 டிகிரி, கீழே 10, எலிவேட்டர் இரு பக்கமும் 15, ரடர் 30. ஐலரானில் மேலே இரண்டு மடங்கு என்பது கப்புக்கு அவசியம். கீழிறங்கும் ஐலரான் காற்றை அதிகம் தடுக்கும், இடது கொடுத்தால் மூக்கு வலது போகும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகும் கப்பை ரடர் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும்.

மேலுறை

முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். விளிம்புகளை 100 டிகிரி அளவில் ஒட்டி, எல்லாம் ஒட்டிய பிறகு 150 டிகிரி அளவில் இழுத்துச் சுருக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாகச் சுருக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்; முறுக்கினால் எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்து மறுபடி சூடேற்றுங்கள். இருண்ட நிறம் வெயிலில் தொளதொளவென்றாகும். நல்லவேளை, கப் மஞ்சள்.

சமநிலையும் என்ஜினும்

1/4 கப்பின் இறக்கை அகலம் சுமார் 400 மி.மீ. ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 100 முதல் 120 மி.மீ.க்குள், முதல் பறப்புக்கு 105. காலி டேங்கோடு பாருங்கள். மூக்கு கனமான விமானம் சோம்பலாகப் பறக்கும், வால் கனமானது ஒரே தடவைதான் பறக்கும். ஈயத்துக்குப் பதில் பேட்டரிகளை முன்னே தள்ளிப் பார்ப்பது முதல் யோசனையாக இருக்கட்டும். பக்கவாட்டுச் சமநிலையும் பாருங்கள். லேசான நுனியில் ஒரு ஆணி போதும்.

பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் 30:1, அதாவது லிட்டருக்கு 33 மி.லி. இன்று பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் மெல்லிய டயஃப்ரத்தை (எரிபொருளைத் தள்ளும் சவ்வு) விறைக்க வைக்கும். அறிகுறி: நேற்று ஒரே சுண்டில் கிளம்பிய என்ஜின் இன்று பத்துத் தடவை சுண்டினாலும் கிளம்பாது, கிளம்பினாலும் த்ராட்டில் கூட்டினால் அணையும். எரிபொருள் அளவை மாற்றும் ஊசியைத் திருகிக்கொண்டே இருக்காமல் டயஃப்ரத்தை மாற்றுங்கள். தடுக்கும் வழி எளிது: ஒவ்வொரு நாள் முடிவிலும் டேங்கைக் காலிசெய்து, என்ஜினைத் தானே அணையும்வரை ஓட்டிவிடுங்கள். கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இக்னிஷன் பெட்டிக்கும் ரிசீவருக்கும் குறைந்தது 30 செ.மீ. தூரம். ரிசீவரின் இரண்டு ஆண்டெனாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ட்ரான்ஸ்மிட்டரை ரேஞ்ச்-செக் நிலையில் (சிக்னலைக் குறைத்துச் சோதிக்கும் நிலை) வைத்து 30 அடி எடுத்து வைத்து நடங்கள்: முதலில் என்ஜின் நின்றபடி, பிறகு ஓடியபடி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் இக்னிஷன் வயர் குற்றவாளி. ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால், த்ராட்டில் மூடிக்கொள்ள வேண்டும். விமானத்தின் வாலை ஒருவர் பிடித்திருக்க, ட்ரான்ஸ்மிட்டரை அணைத்து உறுதிசெய்யுங்கள். கையால் சுண்டும்போது தோல் கையுறை, கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது, ஊசி திருகுவது ப்ரொப்பெல்லருக்குப் பின்னாலிருந்துதான்.

மைதானம்

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் 25 கிலோ வரையிலான, கண்பார்வைக்குள் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் விமானத்தை 'மாடல்' என்று தனியாக வகைப்படுத்தி, வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. இடத்துக்கு விலக்கு இல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வலைத்தள வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சையா (முன் அனுமதி தேவைப்படாத பகுதியா) என்று பாருங்கள். பச்சையில் 400 அடி வரை, விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை.

கப்பை எடுக்கும் முன் ஒரு ஃபோம் ட்ரெயினரில் இருபது, முப்பது முறை இறங்கிப் பழகுங்கள். விரல் மறக்கவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடது வலது மாறும் இடத்தில்தான் தெரியும்.

முதல் பறப்பு விடியற்காலையில், காற்று இலையை மட்டும் ஆட்டும் நேரத்தில். த்ராட்டிலை மெதுவாக, மூன்று நாலு விநாடியில் கூட்டுங்கள். வலது ரடர் தயாராக இருக்கட்டும். வால் தானே எழும். ஓடுபாதை முடிகிறதே என்று எலிவேட்டரை இழுக்காதீர்கள்; வேகம் வராமல் இழுத்தால் இடது இறக்கை விழும். 70 மீட்டர் உயரத்தில் ட்ரிம் செய்யுங்கள் (ஸ்டிக்கை விட்டாலும் நேராகப் பறக்கும்படி சரிசெய்வது). அங்கேயே த்ராட்டிலைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை விடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது என்ஜினை முழுதும் மூடாமல் சிறிது வைத்திருந்து, சக்கரம் தரையைத் தொடும் முன்பு மூடவும். ஐந்து நிமிஷம் போதும்.

இறங்கியதும் பாராட்டு வாங்கும் முன் என்ஜின் போல்ட்டுகள் நாலையும் சாவியால் பாருங்கள். ஒன்றாவது கால் சுற்று தளர்ந்திருக்கும். கழற்றி, நீல த்ரெட்லாக் (மறை கழலாமல் பிடிக்கும் பசை) வைத்து முறுக்கி, பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த முறை தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.